மூலைக்கு மூலை

சீர்ப் பட்டியலில் பதினோராவது வரியில் 'கலர் டிவி – 21' என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அதை வாசித்து முடித்துப் பன்னிரண்டாவது வரிக்குப் போவதற்குள் பெண்ணின் அப்பா சங்கரலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பதினொண்ணுல மட்டும் ஒரு சின்ன மாத்தம் வேணும் மதினி."

மாப்பிள்ளையின் தாய் வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். ராஜபாளையத்தில் பெண் வீட்டுக்காரர்கள் சீர்ப் பட்டியலில் மாற்றம் கேட்டால் அது குறைப்பதற்காகத்தான் இருக்கும் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான அவளுடைய அனுபவம்.

"டிவி ஒங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு ஓடுது. மூத்த மருமக கொண்டுவந்தது. இன்னொண்ணு வந்தா எங்க வைப்பீக? எம் மக அதுக்குப் பதிலா ஒரு மானிட்டர் கேக்கா."

"அது என்னது அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டருக்கு மூஞ்சி மாதிரி மதினி. பெட்டி, கீபோர்டு எல்லாம் அவளே சம்பாதிச்சு வாங்கிட்டா. மூஞ்சி மட்டும்தான் பாக்கி."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். வேலுத்தாய் சிரிக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. மூத்த மருமகள் கருத்தம்மா ஆறு வருஷத்துக்கு முன்னால் இருபத்தோரு இஞ்சு டிவியோடு வந்தவள். இரண்டாவதாக வருகிறவள் கொண்டுவருவது அதைவிடக் குறைந்தால் வருகிறவளுக்கு அந்த வீட்டில் நாக்கு இருக்காது. கூடினால் மூத்தவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவாள். இரண்டு மருமகள்களை ஒரே அடுப்படியில் வைத்து ஆள வேண்டியவள் வேலுத்தாய். அவளுக்குப் புருஷன் இல்லை. நியாயம் என்ற ஒன்றை வைத்துத்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"டிவியோ மூஞ்சியோ, எதுன்னாலும் சரி," என்றாள். "ஆனா இருபத்தொண்ணு இருபத்தொண்ணாத்தான் இருக்கணும். குறையவும் படாது, கூடவும் படாது."

உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்ற செல்லக்கனிக்கு அந்தக் கடைசி வாக்கியம் கேட்டது. இருபத்தோரு இஞ்சு மானிட்டர் எங்கே கிடைக்கும், யார் வாங்குவார்கள் என்பது அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அது 1998ஆம் வருஷம். செல்லக்கனிக்கு இருபத்துநான்கு வயது. பி.காம். முடித்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு டி.டி.பி. சென்டரில் நான்கு வருஷமாக வேலை. மருத்துவப் பஞ்சு, பேண்டேஜ், நூல்கண்டு என்று ஊரில் தயாராகிற எல்லாவற்றுக்கும் லேபிள் வேண்டும். அந்த லேபிள்களை அவள்தான் கம்ப்யூட்டரில் வரைந்தாள். கல்யாணப் பத்திரிகை யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள். லேபிளுக்குச் செல்லக்கனிதான் என்று முதலாளியே சொல்வார், சம்பள நாள் தவிர மற்ற நாட்களில்.

அங்கே இருந்தது பதினான்கு இஞ்சு மானிட்டர். ஒரு லேபிளைப் படிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். மீதியை மனதில் வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி வரைய வேண்டும். போன தை மாதம் ஒரு பஞ்சு லேபிளில் மேலே பார்டரைச் சரிசெய்யும்போது, கண்ணில் படாத கீழ்ப்பக்கத்தில் பார்டர் நகர்ந்து விலாசத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மூவாயிரம் லேபிள் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு முதலாளி பேசிய பேச்சை அவள் வீட்டில் சொல்லவில்லை. பெரிய திரை உள்ள ஒரு இடத்தில் உட்கார்ந்தால் மட்டுமே இனி இந்த வேலை என்று மட்டும் முடிவு செய்தாள்.

கல்யாணம் ஆனால் ராஜபாளையம் வேலை போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வைகுண்டராஜுக்கு ரத வீதிப் பக்கம் ஒரு டிவி ரிப்பேர் கடை இருந்தது. அதில் பாதியைத் தடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல மானிட்டர் வந்தால் அங்கே லேபிள் வேலை நடக்கும். வராவிட்டால் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மனு டைப் அடித்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதினான்கு இஞ்சே அதிகம்.

வைகுண்டராஜுக்கு வேறொரு கணக்கு இருந்தது. அவன் கடையில் டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் இரண்டை வாடகைக்கு விட்டிருந்தான். சாயங்காலமானால் காலேஜ் பையன்கள் கூடுவார்கள். இப்போது அவர்கள் கம்ப்யூட்டர் கார் ரேஸ் கேட்கிறார்கள். பகலில் அவள் லேபிள் வரையட்டும், ஆறு மணிக்கு மேல் கார் ஓடட்டும், திரை பெரிதாக இருந்தால் பின்னால் நாலு பேர் நின்று பார்க்கலாம் என்று அவன் சொன்னதாகச் சங்கரலிங்கம் வந்து சொன்னார். அவன் நேராக அவளிடம் சொன்னது ஒன்றும் இல்லை. நிச்சயத்தன்று அவளைப் பார்த்து, "கரண்டு அடிக்கடி போகுமா இங்க?" என்று கேட்டதோடு சரி.

செல்லக்கனிக்குப் பெட்டியும் கீபோர்டும் விற்ற ஐயாதுரை தென்காசி ரோட்டில் கடை வைத்திருந்தான். அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

"இருபத்தொண்ணா? அது பெரிய பெரிய பிரஸ்ஸுக்காரன் வாங்குறது. புதுசுன்னா ஒங்க சீர் மொத்தமும் அது ஒண்ணுக்குள்ள போயிரும். சிவகாசில ஒரு பிரஸ்ல பழசு ஒண்ணு கழிச்சுப் போட்டிருக்கான். அதைக் கொண்டாரேன். பக்கத்துலயே புதுப் பதினேழு ஒண்ணு வைக்கேன். ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். வீட்டுப் பெரியாளுகளைக் கூட்டிட்டு வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடையில் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். சங்கரலிங்கமும் செல்லக்கனியும் ஒருபக்கம். பஸ்ஸில் வந்து இறங்கிய வேலுத்தாயும் வைகுண்டராஜும் ஒருபக்கம். வேலுத்தாய் மடியில் ஒரு ஒயர் கூடையை வைத்துக்கொண்டு அதன் வாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வைகுண்டராஜின் சட்டைப் பையில் டெஸ்டர் ஒன்று குத்தியிருந்தது. பெண் வீட்டாரோடு சாமான் பார்க்க வருகிறவன் அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம் என்று செல்லக்கனி நினைத்தாள்.

மேஜையில் இரண்டு மானிட்டர்களும் இருந்தன. இருபத்தொண்ணு மேஜையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு முன்பக்கம் துருத்தி நின்றது. அதைத் தூக்கி வைக்க மூன்று பேர் வேண்டியிருந்ததாம்.

"இது சீரா, ஆட்டுரலா?" என்றார் சங்கரலிங்கம்.

"ஆட்டுரல்னாலும் இருபத்தொண்ணு ஆட்டுரல் அண்ணாச்சி," என்றாள் வேலுத்தாய். அவளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அந்த உருவத்துக்கு முன்னால் பதினேழு, தாய்க்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

ஐயாதுரை முதலில் பெரியதைப் போட்டான். படம் வர நேரமானது. வந்தபிறகும் மங்கலாக இருந்தது. வைகுண்டராஜ் யாரையும் கேட்காமல் குனிந்து கீழே இருந்த பொத்தான்களைக் கண்டுபிடித்து வெளிச்சத்தை ஏற்றினான். திரை பளீரென்று ஆனது.

"இப்பப் பாருங்க. நல்லா அடிக்குதுல்ல?" என்றான், பொதுவாக எல்லாரையும் பார்த்து. டிவி ரிப்பேர்க்காரன் படத்தை மதிப்பிடுகிற முறை அது. வீட்டுக்காரர் பணம் கொடுப்பது வெளிச்சத்துக்குத்தான்.

செல்லக்கனி கைப்பையிலிருந்து அச்சடித்த லேபிள் ஒன்றையும் ஃபிளாப்பி ஒன்றையும் எடுத்தாள். லேபிள் ஒரு நூல்கண்டுடையது, அவள் வரைந்தது. ஃபிளாப்பியில் இருந்ததும் அதே லேபிள்தான். அதைத் திரையில் கொண்டுவந்து, காகித லேபிளைக் கண்ணாடியோரம் பிடித்தாள். காகிதத்தில் மிளகாய்ப்பழ நிறத்தில் இருந்த சிவப்பு, திரையில் பழைய செங்கல்லாகத் தெரிந்தது. கறுப்பு என்று இருக்க வேண்டிய இடம் சாம்பலாக இருந்தது. வெளிச்சத்தை ஏற்றியதில் கறுப்பும் சேர்ந்து வெளுத்திருந்தது.

பிறகு அவள் இடது கையிலிருந்து ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றினாள். திரையில் ஒரு வட்டம் போட்டு, வளையலின் அளவுக்கு அதைச் சரிசெய்து, வளையலைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். நடுவில் இரண்டும் பொருந்தின. வட்டத்தை மேல் மூலைக்கு நகர்த்தினாள். அங்கே வட்டம் முட்டை மாதிரி ஒருபக்கம் சரிந்து வளையலுக்கு வெளியே வந்தது.

"என்ன செய்யுதா இவ?" என்று வேலுத்தாய் மகனிடம் கேட்டாள்.

வைகுண்டராஜ் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வகை மீட்டர் வைத்து டிவியைச் சோதித்தவன் அவன். வளையல் வைத்து யாரும் சோதித்து அவன் பார்த்ததில்லை.

"ஓரம் வளையுது," என்றாள் செல்லக்கனி. "கறுப்பு கறுப்பா இல்ல. இதை நம்பி லேபிள் போட்டா அச்சுல வேற நிறம் வரும்."

அவள் அதைச் சொன்னது ஐயாதுரையிடம். ஆனால் பதில் வந்தது வைகுண்டராஜிடமிருந்து.

"டியூபு கொஞ்சம் இறங்கியிருக்கு. நான் ஏத்திருவேன். ஏத்திவிட்டா இன்னும் மூணு வருசத்துக்கு ஓடும்."

"கேட்டீகளா? எம் மவன் சரிபண்ணிருவான்," என்று வேலுத்தாய் கூடையைத் தரையில் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை காரியம் முடிந்துவிட்டது.

செல்லக்கனி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. மாப்பிள்ளை ஒன்றைச் சரிசெய்துவிடுவேன் என்று தாய்க்கு முன்னால் சொன்னபிறகு, முடியாது என்று சொல்லும் மாமனாராக அவர் தயாரில்லை. இனி பேச வேண்டியது அவள்தான். பேசினால் தொழில் தெரியாதவன் என்று அவனைச் சொன்னதாகும். பேசாவிட்டால் மூன்று வருஷத்துக்குச் செங்கல் நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"கார் ரேஸ் இருக்கா அண்ணாச்சி?" என்று ஐயாதுரையைக் கேட்டாள். "ரெண்டுலயும் ஒரு ஆட்டம் போட்டுப் பாக்கட்டும். சாயங்காலம் அவியளுக்கும்தான வேணும்."

அவிய என்று அவள் சொன்னது யாரை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வைகுண்டராஜ் காது சிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

பெரிய திரையில் கார் கிளம்பியது. வெட்டவெளி ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டினான். மலைக்குள் ஒரு குகைப்பாதை வந்தது. உள்ளே நுழைந்ததும் ரோடும் சுவரும் ஒரே சாம்பலாகக் கலந்தன. கார் சுவரில் முட்டிக் குப்புற விழுந்தது. இரண்டாவது தடவையும் அதே குகை, அதே சுவர். மூன்றாவது தடவை வெளிச்சத்தை இன்னும் ஏற்றிவிட்டு ஓட்டினான். குகை பால் ஊற்றினதுபோல் வெளுத்தது. கார் இந்த முறை முன்கூட்டியே முட்டியது.

"மாப்ள, நல்லவேளை நீங்க லைசென்ஸ் எடுக்கல," என்றார் சங்கரலிங்கம்.

"ஏலே, ரோட்டைப் பாத்து ஓட்டுலே!" என்றாள் வேலுத்தாய்.

ஐயாதுரை ஒயரைக் கழற்றிப் பதினேழில் மாட்டினான். படம் சிறிதாக இருந்தது. ஆனால் குகைக்குள் கறுப்பு கறுப்பாக இருந்தது. அதன் நடுவில் ரோட்டின் வெள்ளைக்கோடு நூல் மாதிரி தெரிந்தது. வைகுண்டராஜ் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் மறுபக்கம் வெளியே வந்தான். ஆட்டத்தை நிறுத்தாமல் இன்னொரு சுற்றும் போனான். பிறகு எழுந்து, செல்லக்கனி பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினான். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வளையலைக் கொடுத்தாள்.

அவனே வட்டத்தை நான்கு மூலைக்கும் நகர்த்தி வளையலை வைத்துப் பார்த்தான். நான்கிலும் உட்கார்ந்தது.

"அம்மா, பெருசு வேண்டாம்," என்றான். "நான் ஏத்தினா வெளிச்சம்தான் கூடும். கறுப்பை என்னால கொண்டாற முடியாது. அவ சொன்னதுதான் சரி."

செல்லக்கனி வளையலைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டாள். அது அவன் கைச்சூட்டில் இருந்தது.

வேலுத்தாய் கூடையை மறுபடி மடியில் எடுத்து வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசிட்டீக. சரி. பட்டியல்ல எழுதினது இருபத்தொண்ணு. பதினேழை வேன்ல ஏத்திட்டுப் போய் இறக்கினா மூத்தவ என்னைக் கேக்க மாட்டாளா? என் சீருக்கு ஒரு அளவு, இவ சீருக்கு ஒரு அளவான்னு?"

கூடைக்குள் கைவிட்டு ஒரு தையல் டேப்பை எடுத்தாள். மஞ்சள் டேப், ஓரம் பிரிந்திருந்தது. கூடவே நாலாக மடித்த ஒரு காகிதம்.

"யப்பா, இந்த ரெண்டையும் அளந்து சொல்லு. வாயால சொல்ற அளவு எனக்கு வேண்டாம்."

ஐயாதுரை டேப்பை வாங்கி, தன் வழக்கப்படி பெரிய மானிட்டரின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்குப் பிடித்தான். "கண்ணாடியில படம் தெரியுற இடம் இருபது. டியூபோட சட்டத்துக்குள்ள ஒரு இஞ்சு போயிரும் ஆச்சி." பிறகு சின்னதைப் பிடித்தான். "இது பதினாறு."

வேலுத்தாய் மடித்த காகிதத்தைப் பிரித்தாள். அவள் முகம் மாறிற்று.

"பதினாறா? நல்லாப் பாரு."

"பதினாறேதான்."

"எங்க வீட்டு டிவியும் பதினாறுதான்!" என்றாள். "காலையில கிளம்புறப்ப அளந்து எழுதிட்டு வந்தேன். இருபத்தொண்ணுன்னு சொன்னது பதினாறு நிக்குது. ஆறு வருசமா என்னை ஏமாத்தியிருக்கான் டிவிக்காரன். மூத்த சம்பந்திகிட்ட கேட்டா மனக்கசப்பு வருமேன்னு வாயை மூடிட்டு வந்தேன். நீ பதினேழுன்னு சொல்லிப் பதினாறு குடுக்கே. அவனுக்கு நீ எம்புட்டோ பரவாயில்ல."

செல்லக்கனிக்கு அந்தக் காட்சி கண்முன் விரிந்தது: வேலுத்தாய் காலையில் டிவி முன்னால் நின்று, ரவிக்கைத் துணி அளப்பதுபோல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நேராக டேப்பைப் பிடித்திருக்கிறாள். இருபத்தோரு இஞ்சு டிவியின் அகலம் பதினாறு. அதை யாரும் மூலைக்கு மூலை அளக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அப்ப இந்தப் பெருசு இருபதா?" வேலுத்தாய் அதையே ஒருமுறை பயத்தோடு பார்த்தாள். "ஐயோ, இது மூத்தவளுதைவிட நாலு இஞ்சு கூட. இது வீட்டுக்குள்ள வரவே படாது. சின்னதுதான் சரி. பதினாறுக்குப் பதினாறு."

ஐயாதுரை வாயைத் திறந்தான். "ஆச்சி, அது டிவியை நீங்க..."

'டுங்ங்' என்று ஒரு சத்தம் எழுந்தது. மேஜை அதிர்ந்தது. பெரிய மானிட்டரின் ஒயரை வைகுண்டராஜ் எப்போது திரும்ப மாட்டினான் என்று தெரியவில்லை. திரை ஏழு நிறமும் கலங்கித் துடித்து அடங்கியது.

"என்னலே அது!" என்று வேலுத்தாய் நெஞ்சில் கைவைத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. கண்ணாடியில காந்தம் ஏறியிருந்தா விரட்டுற பொத்தான். சும்மா அமுக்கிப் பாத்தேன்."

"உசுரையே விரட்டிருக்கும்."

வைகுண்டராஜ் இப்போதுதான் முதல்முறையாகச் செல்லக்கனியை நேராகப் பார்த்தான். டிவி எப்படி அளக்கப்படும் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஐயாதுரை இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் தேடப் போனான்.

புதன்கிழமை மானிட்டர் சங்கரலிங்கம் வீட்டுக்கு வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சீர் வேன் கிளம்பும். செல்லக்கனி நினைத்தது நினைத்தபடியே நடந்திருந்தது. ஆனால் அவள் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மஞ்சள் டேப் ஒன்று கண்ணில் ஆடியது. டேப் அந்த வீட்டில்தான் இருக்கப்போகிறது. டிவியும் அந்த வீட்டில்தான் இருக்கப்போகிறது. என்றைக்காவது ஒருநாள் கருத்தம்மாவோ அவள் வீட்டாரோ டேப்பைச் சரியாகப் பிடிப்பார்கள். அன்றைக்கு வேலுத்தாய் இரண்டு மருமகள்களுக்கும் நடுவில் பொய்யளவு வைத்தவளாக நிற்பாள். ஏமாற்றியது இளையவள் என்பார்கள். அதற்குப் பிறகு அந்தத் திரையில் எந்தச் சிவப்பு மிளகாய்ப்பழமாகத் தெரிந்து என்ன?

வியாழக்கிழமை காலையில், கல்யாணப் பத்திரிகை இன்னும் பத்து வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்ததைச் சாக்காக வைத்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். பாதி வழியில்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். சங்கரலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"சொன்னா மானிட்டர் வேண்டாம், டிவியைக் கொண்டான்னுட்டா?"

"கொண்டுபோக வேண்டியதுதாம்ப்பா."

"பொறவு ஒன் வேலை?"

அதற்குள் ஊர் வந்துவிட்டது. நிச்சயமான பெண் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசல் ஏறுவது வழக்கமில்லை. வேலுத்தாய் கதவைத் திறந்தவள் பதறிப்போனாள்.

"என்ன அண்ணாச்சி, ஏதும் தடங்கலா?"

"தடங்கல் இல்ல அத்தை," என்றாள் செல்லக்கனி. "அந்த டேப்பைக் கொஞ்சம் குடுங்க."

கூடத்து ஸ்டாண்டில் டிவி இருந்தது. அதன் மேல் பூவேலை செய்த துணி விரித்திருந்தது. செல்லக்கனி துணியை ஒதுக்கிவிட்டு, டேப்பை நேராகப் பிடித்துக் காட்டினாள்: பதினாறு. பிறகு மூலைக்கு மூலை பிடித்தாள்.

"இருபது," என்று வேலுத்தாயே வாசித்தாள்.

"கடையில அளந்தது இந்த மாதிரி அத்தை. சாய்ச்சு. நேரா அளந்தா மானிட்டர் பதிமூணுகூட வராது. டிவிக்காரன் ஒங்களை ஏமாத்தல. நாந்தான் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வைகுண்டராஜ் கடையிலிருந்து வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டில் இவர்களை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தையும் டேப்பையும் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"அவ சொல்லத்தான் போனாளோ என்னவோ. ஐயாதுரை சொல்லத்தான் வாயைத் திறந்தான். பொத்தானை அமுக்கினது நான்," என்றான்.

"அப்ப காந்தத்தை விரட்டலியா?" என்றாள் வேலுத்தாய்.

"ஒன் கவனத்தைத்தாம்மா விரட்டினேன்."

வேலுத்தாய் பலகையில் உட்கார்ந்தாள். மகனைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். கோபம் வந்ததா என்று சொல்ல முடியாத முகம். "நாலு இஞ்சு," என்றாள் கடைசியில். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏட்டி கருத்தம்மா, இங்க வா. இது ஒன் காரியம்," என்று கூப்பிட்டாள்.

கருத்தம்மா வந்தாள். அவள் கையிலெல்லாம் பால் வாசனை. அவள் புருஷன் கோயில் பக்கம் பால்கோவாக் கடை வைத்திருந்தான். பாதி வேலை வீட்டிலேயே நடந்தது. வேலுத்தாய் எதையும் மறைக்காமல் சொன்னாள்: இருபது, பதினாறு, நேர், சாய்வு, பொத்தான்.

"ஒனக்குக் குறையில்லைன்னா மானிட்டர் வரட்டும். குறைன்னா நாளைக்கு டிவி வரட்டும். நீ சொல்றதுதான்."

கருத்தம்மா கையை முந்தானையில் துடைத்தாள். சீக்கிரம் பதில் சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு விஷயத்தை அவள் முடிவுக்கு விட்டது இதுதான் முதல் தடவை.

"அந்தக் குட்டி டிவியில லேபிள் வரையலாமாமே?" என்று செல்லக்கனியைக் கேட்டாள்.

"வரையலாம்க்கா."

"பால்கோவா டப்பா மூடிக்கு?"

"அதுக்கும்தான்."

"நம்ம டப்பாவுல வெறும் எழுத்துதான் இருக்கு. நாலு கடை தள்ளி ஒருத்தன் பசுமாடு படம் போட்டு விக்கான். எனக்கு மாடும் வேணும், கன்னுக்குட்டியும் வேணும். நாலு இஞ்சுக்கு நாலு நிறம். காசு தர மாட்டேன்."

"ஏ, அது அநியாயம்ட்டி," என்றாள் வேலுத்தாய், சந்தோஷமாக.

"அளந்துதான கேக்கேன்."

வேலுத்தாய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீர்ப் பட்டியலை எடுத்து, பதினோராவது வரியை அடித்துவிட்டு, மகனிடம் பேனாவைக் கொடுத்தாள். அவன் 'மானிட்டர்' என்று எழுதி நிறுத்தி, பக்கத்தில் எத்தனை என்று எழுதுவது என்று தெரியாமல் செல்லக்கனியைப் பார்த்தான்.

"எண் வேண்டாம்," என்றாள் அவள்.

கல்யாணம் முடிந்து எட்டாம் நாள், ரிப்பேர் கடையின் தடுப்புக்குப் பின்னால் முதல் வேலை நடந்தது. கருத்தம்மா கொண்டுவந்த டப்பா மூடி முழுவதும், நான்கு ஓரமும் தெரிய, உள்ள அளவிலேயே திரையில் நின்றது. அதை நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. மாடு முடிந்து கன்றுக்குட்டி பாதியில் இருந்தது. தடுப்புக்கு முன்னால் வைகுண்டராஜ் ஒரு பழைய டிவியைத் திறந்து போட்டுக்கொண்டு, மணி ஆறாகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டான். ஆகவில்லை என்று அவள் சொன்னாள். ஆகியிருந்தது. அவன் மறுபடி கேட்கவில்லை.

வேலுத்தாய் மஞ்சள் டேப்போடு வந்து நின்று, திரையில் இருந்த மூடியை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்தாள்.

"அத்தை," என்றாள் செல்லக்கனி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டப்பாவை நேராத்தான் அளக்கணும்."